மலையில் நாடகக் குழு: முதல் சில வருடங்களை எப்படி ஓட்டினீர்கள்?

கோத்தகிரிவாசி:
நாங்கள் ஆறு பேர், எல்லாருக்கும் பகல் வேலை. கோத்தகிரியில் நாடகக் குழு தொடங்கியிருக்கிறோம். மண்டப வாடகை கட்டுப்படியாகவில்லை. பழைய ஆட்கள் என்ன செய்தீர்கள்?

குன்னூர் பெரியவர்:
மண்டபத்தை மறந்துவிடுங்கள் தம்பி. எங்கள் ஒத்திகை தேயிலை எடை போடும் கொட்டகையில்தான். சனிக்கிழமை சாயங்காலம் இலை லாரி போனதும் பெருக்கிவிட்டு ஆரம்பிப்போம். தரையெல்லாம் பச்சை வாடை அடிக்கும். ஜூனில் தகரக் கூரையில் மழை கொட்டினால் வசனம் ஒன்றும் கேட்காது. அதனாலேயே பேச்சைக் குறைத்து, பறையையும் உடம்பையும் நம்பினோம். நாடகம் முடிந்ததும் துண்டு விரிப்போம். விழுந்த காசு டீக்கும் பெட்ரோமாக்ஸ் மேண்டிலுக்கும் சரியாகப் போகும். அப்புறம், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உச்சக்கட்டத்தில் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும்.

மேடையற்றவன்:
1977-ல் எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். 1980-ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் நாடகப் பயிற்சிப் பட்டறை நடத்தினார்; மேடையும் விளக்கும் வேண்டாம் என்ற அவருடைய வழி நம் வீதி நாடகக் குழுக்களுக்குத் தெம்பு கொடுத்தது. மண்டபம் இல்லாதது ஒரு குறையா என்ன?

கோத்தகிரிவாசி:
சரி, கொட்டகைக்கு யாரைப் பார்ப்பது ஐயா?

குன்னூர் பெரியவர்:
எடை போடுகிறவரை. அவருக்கு ஒரு வேஷம் கொடுங்கள், சாவி தானாக வரும்.