தாழ்த்திய ஸ்விஃப்ட், 17 அங்குல வீல்: டயர் உரசுவதைச் சரிசெய்ய எங்கிருந்து தொடங்குவது?

கொங்குச்சக்கரம் (கேள்வி)

வணக்கம். என்னுடையது 2019ஆம் ஆண்டு ஸ்விஃப்ட். காரோடு வந்த 185/65 ஆர்15 (அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவர் உயரம் அதன் சதவீதத்தில், ரிம் விட்டம் அங்குலத்தில்) டயர்களை எடுத்துவிட்டு, 17 அங்குல அலாய் வீல்களில் 205/50 டயர்களைப் போட்டிருக்கிறேன். ரிம் அகலம் 7.5 அங்குலம், ஆஃப்செட் 35 என்று வீலின் உட்புறத்தில் பொறித்திருக்கிறது (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்பதே ஆஃப்செட்; அது குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும்). ஸ்பிரிங்குகளையும் மாற்றி, காரைச் சுமார் 35 மில்லிமீட்டர் தாழ்த்தியிருக்கிறேன்.

தனியாக ஓட்டும்போது தொல்லை இல்லை. பின் இருக்கையில் மூவர் அமர்ந்துவிட்டால், வேகத்தடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்பக்கம் உரசும் சத்தம் கேட்கிறது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் முன்பக்கமும் உரசுகிறது. ஒரு பட்டறையில் மட்கார்டு விளிம்பை உள்ளே மடக்கிவிடலாம் என்கிறார்கள். மற்றொன்றில் ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் இடையில் வைக்கும் தகடு) போட்டால் போதும் என்கிறார்கள். எதைச் செய்வது?

அளவுகோல்

இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முன்பக்க உரசலும் பின்பக்க உரசலும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. டயர் எந்த இடத்தைத் தொடுகிறது என்று கண்ணால் பார்க்காமல் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது. மட்கார்டின் உள்விளிம்பிலும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரிலும் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, பின்னால் ஆட்களை உட்காரவைத்து அதே வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். சாக்பீஸ் அழிந்த இடத்தையும், டயரின் தோள்பட்டையில் பளபளவென்று தேய்ந்திருக்கும் கோட்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்விஃப்ட்டின் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) என்பதால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருக்கின்றன. காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி, வீலை மாட்டிய நிலையில் பீமை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (மேலேறும் எல்லையில் இருக்கும் தடுப்பு) முட்டும்வரை உயர்த்தினால், எவ்வளவு சுமை ஏற்றினாலும் டயர் ஏறக்குறைய எதுவரை மேலேறும் என்பது தெரிந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் இதை வீட்டில் முயல வேண்டாம். பட்டறையில் கேட்டால் செய்துகொடுப்பார்கள்.

ஸ்பேசர் யோசனை எனக்கு விளங்கவில்லை. ஸ்பேசர் வீலை வெளியே தள்ளும். டயர் உள்பக்கத்தில் ஷாக் அப்சார்பரையோ பாடியையோ தொட்டால் அது உதவும். மட்கார்டு விளிம்பைத் தொட்டால் உரசல் இன்னும் மோசமாகும்.

கொங்குச்சக்கரம்

நீங்கள் சொன்னபடி சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தேன், நன்றி. பின்னால் டயரின் வெளித்தோள் மட்கார்டு விளிம்பைத் தொடுகிறது. உள்பக்கத்தில் தடயமே இல்லை. முன்னால் லைனரின் பின்பகுதியில், கதவை ஒட்டிய பக்கம் உரசியிருக்கிறது.

அளவுகோல்

அப்படியானால் முதல் குற்றவாளி ஆஃப்செட், அடுத்தது டயரின் உயரம். தாழ்த்தியது இவ்விரண்டையும் வெளிக்காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 621.5 மில்லிமீட்டர், இப்போதுள்ள 205/50 ஆர்17 டயருக்கு 636.8. ஏறக்குறைய இரண்டரை சதவீதம் பெரிது. இதனால் ஸ்பீடோமீட்டரும் முன்பைவிடக் குறைத்துக் காட்டும். அதே ரிம்மில் 205/45 போட்டால் விட்டம் 616.3 ஆகிவிடும், டயரின் உச்சி இப்போதைவிடப் பத்து மில்லிமீட்டர் கீழே வரும். முன்பக்க லைனர் உரசல் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். மிச்சமிருந்தால் லைனரின் அந்த இடத்தை ஹீட் கன்னால் இளக்கி உள்ளே அழுத்திவிடலாம்.

பின்பக்கத்துக்கு ரிம்மையே மாற்றுவதுதான் சரி. 7.5 அங்குல ரிம், ஆஃப்செட் 35 என்றால், ஹப்பின் முகத்திலிருந்து ரிம்மின் வெளிவிளிம்பு 60 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதுவே 7 அங்குல அகலமும் ஆஃப்செட் 42உம் என்றால் 47 மில்லிமீட்டர்தான். வெளியே 13 மில்லிமீட்டர் மிச்சமாகிறது. உள்பக்கமோ இரண்டு ரிம்மிலும் 130, 131 என்று ஒரே இடத்தில்தான் நிற்கிறது. 205 அகல டயருக்கு 7 அங்குல ரிம் தாராளமாகப் பொருந்தும். வாங்கியபோதே ஆஃப்செட்டைப் பார்த்திருக்கலாம் என்று இப்போது சொல்லி என்ன பயன்; நல்ல நிலையில் உள்ள வீல்களை விற்பது அவ்வளவு கடினமில்லை.

டிங்கரிங் தோழர்

விளிம்பு மடக்குவதைப் பற்றி என் தொழில் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்கும் தனித் தகடு, கெட்டுப்போனால் மாற்றிவிடலாம். பின்பக்கம் அப்படியல்ல. அங்கே வெளித்தகடும் உள்தகடும் ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டு, இடையில் தண்ணீர் புகாதபடி சீலன்ட் பூசப்பட்டிருக்கும். சூடேற்றிப் பொறுமையாக மடக்கினாலும் அந்தச் சீலன்ட் விரிசல் விடக்கூடும். பெயின்ட் வெடித்த இடத்தில் அடுத்த மழைக்காலத்திலேயே துரு தொடங்கும். மடக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பெயின்ட்டை நன்றாகச் சூடாக்கி, ரோலரைச் சிறிது சிறிதாக இறுக்கி, முடிந்ததும் புதிதாகச் சீலன்ட் பூசச் சொல்லுங்கள். சுத்தியலால் அடித்து மடக்கும் இடத்தில் காரை விடாதீர்கள்.

இன்னொன்று. ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகினால் பின்பக்கம் இறங்காது என்று யாராவது சொல்வார்கள். பஃபர் அடைத்த சுருள் அசையாமல் நின்றுவிடும். மற்ற சுருள்கள் அதன் அசைவையும் சேர்த்து அசைய வேண்டிவரும். ஏற்கெனவே குட்டையான ஸ்பிரிங்கில் இதை நான் செய்துதர மாட்டேன்.

நெடுஞ்சாலை வாசி

கேம்பர் போல்ட் பற்றி யாரும் பேசவில்லை. அதை வைத்து முன் சக்கரத்தின் மேல்பக்கத்தைச் சற்று உள்ளே சாய்க்கலாம்; ஆனால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) உடனே மாறும் என்பதால் வீல் அலைன்மென்ட் கட்டாயம், அளவு மீறினால் டயரின் உள்பக்கம் விரைவில் தேயும். பின்பக்க டார்ஷன் பீமில் இந்தச் சரிசெய்தலே கிடையாது. ஆகவே உங்கள் முக்கியச் சிக்கலுக்கு இது உதவாது.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விபத்துக்குப் பின் காப்பீட்டுத் தொகை கேட்கும்போது இதெல்லாம் பேச்சுக்கு வரலாம்.

கொங்குச்சக்கரம்

முதலில் 205/45 டயரை மாற்றி முன்பக்கத்தைப் பார்க்கிறேன். பின்பு 7 அங்குல ரிம் தேடுகிறேன். விளிம்பைத் தொடப்போவதில்லை. டயர் வாங்கும்போது வேறெதைக் கவனிக்க வேண்டும்?

அளவுகோல்

சுமைக் குறியீட்டைப் பாருங்கள். உங்கள் பழைய 185/65 ஆர்15 டயரின் குறியீடு 88, அதாவது ஒரு டயருக்கு 560 கிலோ. 205/45 ஆர்17 அளவில் 84, 88 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று இரண்டு வகைகள் விற்கின்றன. 84 என்பது 500 கிலோதான். பின்னால் மூவரை ஏற்றுபவர் 88 எக்ஸ்எல் கேட்டு வாங்க வேண்டும். எக்ஸ்எல் டயர் அதே சுமையைத் தாங்கச் சற்றுக் கூடுதல் காற்றழுத்தம் வேண்டும் என்பதால், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் பழைய அளவை அப்படியே பின்பற்றாமல் டயர் நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்து அடியுங்கள். டயர் மாறினால் காரின் அடிப்பகுதியும் இன்னும் பத்து மில்லிமீட்டர் இறங்கும். தாழ்த்துவதற்கு முன் 163 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 125 அளவுக்கு வந்துவிடும். மூவரோடு அந்த வேகத்தடையில் நேராக ஏறாமல் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறுங்கள்.