பொருள்: "லிப் சிங்க்" ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

'லிப் சிங்க்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் எழுதியதில் மிகுந்த மகிழ்ச்சி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் உயர்தரத்துக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கும் மாணவர்கள் சிலர் சேர்ந்து சொந்தமாக ஒரு பாடல் எழுதி, இசையமைத்து, காணொளியும் எடுத்திருக்கிறார்கள். படத்தொகுப்பில் நான் கூட இருந்து உதவுகிறேன். கடைசியில் ஓடும் பெயர் வரிகள் முழுவதும் தமிழில் இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். வரிகள், இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று எல்லாம் சிக்கலில்லாமல் வந்தன. ஆனால் ஒரு மாணவி இரண்டு இரவு கண்விழித்து, பாடுகிறவரின் வாயையும் பாட்டையும் சட்டகம் சட்டகமாக (பிரேம் பிரேமாக) நகர்த்திச் சேர்த்தார். அவர் செய்த வேலைக்குத்தான் தமிழில் பெயர் இல்லை. "சிங்க் பண்ணினது" என்று போடவா என்று அவரே கேட்டார். எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்கள் பரிந்துரைகள்.

> உதட்டொத்திசைவு. நேரான சொல், பொருளும் விளங்கும்.

விளங்குகிறது, உண்மை. ஆனால் படப்பிடிப்பில் யாராவது இதைச் சத்தமாகச் சொல்வார்களா? பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். இசை கற்கும் ஒருவர், பின்னணிக் குரல்கள் சுருதி சேர்ந்து ஒலிப்பதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஒத்திசைவு என்றால் காதுக்கு முதலில் வருவது அந்தப் பொருள்தான். இன்னொரு குறை இதைவிடப் பெரிது. அந்த மாணவி உதட்டை மட்டுமா சேர்த்தார்? மிருதங்கத்தில் விழும் கை, வயலினில் திரும்பும் வில், ஆடுகிறவரின் காற்சலங்கை எல்லாம் அதே வேலைதான். உதடு என்று தொடங்கும் சொல் இவற்றை வெளியே விட்டுவிடும்.

> வாயசைப்பு என்று ஏற்கெனவே இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

இதை நீண்ட நேரம் யோசித்தேன். வாயசைப்பு நல்ல சொல், மக்கள் வாயில் இருக்கும் சொல். ஆனால் அது பாடுகிறவர் கமராவின் முன் செய்வதைக் குறிக்கிறது. தொகுப்பவர் செய்வது வேறு. இரண்டையும் 'லிப் சிங்க்' என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகியதால் வேறுபாடு நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

எங்கள் படப்பிடிப்பிலேயே இதற்கு உதாரணம் உண்டு. வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கு அப்பால், ஒரு காட்சி எடுத்தோம். அலை மெதுவாக எழ வேண்டும், தலைமுடி மெதுவாகப் பறக்க வேண்டும், பாடுகிறவரின் வாய் மட்டும் பாட்டோடு சரியாகப் போக வேண்டும். அதற்கு வழி, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அந்த வேகத்துக்கே வாயசைக்கச் சொல்வது. கமரா நொடிக்கு 50 சட்டகம் பதியும். பிறகு நொடிக்கு 25 என்று ஓட்டினால் எல்லாமே பாதி வேகத்துக்கு வந்துவிடும். வாய் பாட்டின் இயல்பான வேகத்துக்குத் திரும்பும், கடல் மட்டும் கனவுபோல அசையும். இடையில் ரயில் வேறு வந்தது. கமராவில் பதிந்த ஒலியில் பாதி அந்த இரைச்சல்தான்.

அங்கே நடந்தது முழுக்க வாயசைப்பு. ஆனால் அந்த நேரத்தில் வாய்க்கும் உண்மையான பாட்டுக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. பொருத்தம் பிறந்தது கணினியின் முன்னால், இரவு ஒரு மணிக்கு.

ஆகவே என் பரிந்துரை: நடிப்பவர் செய்வது வாயசைப்பு, தொகுப்பவர் செய்வது ஒலிப்பொருத்தம். வினையாக, 'ஒலி பொருத்து'. "இந்தக் காட்சிக்கு இன்னும் ஒலி பொருத்தவில்லை" என்று யாரும் தடுமாறாமல் சொல்லலாம். பொருத்தம் என்றால் ஜாதகம்தான் நினைவுக்கு வருகிறது என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். இரண்டு தனித்தனிப் பொருள்கள் ஒன்றுக்கொன்று சேருகின்றனவா என்று பார்ப்பதுதானே அங்கும்? அந்தப் பழக்கம் சொல்லுக்குப் பலம் என்றே நினைக்கிறேன்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் பிழைகளுக்கும் பெயர் தானாக வருகிறது. ஒலி படத்துக்கு முன்னால் வந்தால் முந்தல், பின்னால் வந்தால் பிந்தல். பஸ் பிந்தினால் நாம் சொல்லும் அதே சொல். இந்த இரண்டும் சம அளவான பிழைகள் அல்ல. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒலி ஏறத்தாழ 45 மில்லி செக்கன் முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், பிந்தினால் 125 வரை கவனிக்கமாட்டார். நொடிக்கு 25 சட்டகம் என்றால் ஒரு சட்டகம் 40 மில்லி செக்கன். அதாவது முந்தலில் ஒரு சட்டகம்தான் சலுகை, பிந்தலில் மூன்று. காரணம் எளிது. காலிமுகத்திடலில் தூரத்தில் கிரிக்கெட் விளையாடுகிறவரைப் பாருங்கள். மட்டை பந்தில் படுவது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். 34 மீற்றர் தள்ளி நின்றால் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். பிந்தல் நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், முந்தல் இயற்கையில் இல்லாதது.

மூன்றாவது பிழை ஒன்றும் உண்டு. பாட்டின் தொடக்கத்தில் சரியாக இருக்கும், போகப் போக விலகும். கைபேசிகள் பல வேளைகளில் சீரான வேகத்தில் பதிவதில்லை, வெளிச்சம் குறைந்தால் சட்டக எண்ணிக்கையைக் குறைத்துவிடும். தொகுப்பு மென்பொருள் அதைச் சீரான வேகம் என்று எடுத்துக்கொண்டால் வருகிற கோளாறு இது. இதற்கு நழுவல் என்று சொல்லலாமா? முந்தலையும் பிந்தலையும் ஒருமுறை நகர்த்திச் சரிசெய்யலாம், நழுவலுக்குத் துண்டு துண்டாக வெட்டித்தான் ஒலி பொருத்த வேண்டும். அந்த இரண்டு இரவும் போனது இதிலேதான்.

டீசருக்குச் சொல் கேட்டவர்களுக்கு: பிள்ளைகள் முன்னோட்டம் என்றே போடுகிறார்கள், எனக்கும் அது போதும். பதினைந்து நொடித் துண்டுகளைக் கைபேசிக்காக நிமிர்த்தி வெட்டும்போது முகம் திரை முழுக்க வந்துவிடுகிறது. அகலத் திரையில் தெரியாத முந்தல் அங்கே அப்பட்டமாகத் தெரியும். பகிர்வதற்கு முன் ஒலிப்பொருத்தத்தை வயர் உள்ள ஹெட்போனில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். புளூடூத் தானாகவே கொஞ்சம் பிந்தலைச் சேர்க்கும், அதை நம்பித் திருத்தப் போனால் சரியாக இருப்பதும் கெட்டுவிடும்.

வெள்ளிக்கிழமை இரவு பாடலை யூடியூபில் ஏற்றுகிறார்கள். வியாழன் மாலைக்குள் யாரும் இதைவிட நல்ல சொல் தராவிட்டால், படத்தொகுப்புக்கு அடுத்த வரியில் 'ஒலிப்பொருத்தம்' என்று போட்டு அந்த மாணவியின் பெயரை எழுதிவிடுவோம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து