மூணு நாள் ஆனா வென்ஃப்ளானைப் (டிரிப் ஏத்தக் கையில குத்தி வைக்கிற குழாய்) புடுங்கியே ஆகணுமா? வார்டு ஸ்டாஃபுக்கு ஆராய்ச்சிப் பயிற்சி எதுக்கு?

நைட்ஷிப்ட்_சிஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 11 வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, அடுத்த மாசமும் சம்பளம் வேணும்.

போன வாரம் நோட்டீஸ் போர்டுல ஒரு சர்க்குலர் ஒட்டினாங்க. ஒவ்வொரு வார்டும் வருஷத்துக்கு ஒரு ஆராய்ச்சி பண்ணியே ஆகணுமாம். அதுக்கு சனிக்கிழமை மத்தியானம் 2 மணிக்கு வகுப்பு. நர்ஸ், லேப், பார்மசி எல்லாரும் வரணும். நைட் பாத்துட்டு காலையில 8 மணிக்கு ஹேண்டோவர் குடுத்தவங்களும்தான். பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போய், ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுக் கண்ணை மூடினா, திரும்பக் கிளம்ப வேண்டியதுதான்.

வாட்ஸாப் குரூப்புல பாதிப் பேர் போகவே கூடாதுங்கறாங்க. எனக்கு மனசு ரெண்டா கெடக்கு. எங்க வார்டுல வென்ஃப்ளான் போட்டு மூணு நாள் ஆச்சுன்னா, நல்லா ஓடினாலும் எடுத்துட்டு வேற இடத்துல குத்தணும். அதுதான் சட்டம். போன மாசம் 78 வயசுப் பாட்டி ஒருத்தங்க. நரம்பே கிட்டல. நாலாவது குத்துல கிட்டிச்சு. பாட்டி என் முகத்தைப் பாத்து, "நல்லா ஓடுத ஊசிய எதுக்கு மக்களே புடுங்குத?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. மேடத்துக்கும் தெரியல. "புரோட்டோகால்"னாங்க.

இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் ஆராய்ச்சி ஆகுமா?

பழைய_ஸ்டாஃப்:

சிஸ்டர், நான் 34 வருஷம் வார்டுல நின்னு ரிட்டயர் ஆனவன். வெளிப்படையாச் சொல்லுதேன், அந்த வகுப்புக்குப் போகாதீங்க. 40 பெட்டுக்கு ராத்திரி ரெண்டு சிஸ்டர நிப்பாட்டுறவன், மூணாவது ஆளப் போட வழியில்லன்னு கையை விரிக்கிறவன், ஆராய்ச்சிக்கு மட்டும் வகுப்பு வச்சிருக்கான்னா என்ன அர்த்தம்? ஆஸ்பத்திரித் தரம் பாத்துச் சான்று குடுக்குற என்ஏபிஎச் ஆளுக வந்தா மேசையில எடுத்து வைக்க ஒரு ஃபைல் வேணும். அவ்வளவுதான். எங்க காலத்துல "குவாலிட்டி சர்க்கிள்"னு ஒண்ணு வந்திச்சு. பேனர் கட்டினோம், படம் எடுத்தோம், வடை தின்னோம். வடை கொள்ளாம்.

தீசிஸ்_திண்டாட்டம்:

பழைய ஸ்டாஃப் அண்ணாச்சி, வடை விஷயத்துல உங்க பக்கம்தான். மத்ததுல இல்லை.

நான் எம்டி ரெண்டாவது வருஷம். எங்களுக்குத் தீசிஸ் கட்டாயம், ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சென்னை நிறுவனமான தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் ஆராய்ச்சி வகுப்பும் கட்டாயம். ஆரம்பத்துல நானும் திட்டிக்கிட்டேதான் பார்த்தேன். ஆனா "கேள்வியை எப்படிக் கேட்கணும்" என்ற ஒரு பாடம் போதும், அதுக்கு முன்னாடி நான் எழுதி வச்சிருந்த தலைப்பு பூரா குப்பைன்னு தெரிஞ்சுபோச்சு.

சிஸ்டர், உங்க பாட்டி கேட்ட கேள்வியை ஆஸ்திரேலியாவில் கிளேர் ரிக்கார்ட் என்ற நர்ஸ் கேட்டிருக்காங்க. குயின்ஸ்லாந்தில் 3 ஆஸ்பத்திரி, 3,283 நோயாளிகள். ஒரு பாதிக்கு மூணாம் நாள் கட்டாயம் மாற்றினாங்க. மறு பாதிக்கு வலியோ வீக்கமோ அடைப்போ வந்தால் மட்டும். இரத்தக்குழாய் அழற்சி ரெண்டு பக்கமும் 7 சதவீதம்தான். 2012இல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் வந்தது. அதுக்கப்புறம் உலகத்துல பல இடங்கள்ல மூணு நாள் சட்டத்தை எடுத்துட்டாங்க. கேள்வி கேட்டது மருத்துவம் படிச்ச டாக்டர் இல்லை, ஒரு நர்ஸ். இதைவிட என்ன வேணும்?

பழைய_ஸ்டாஃப்:

அப்போ பதில் வந்தாச்சே தம்பி! வந்த பதிலை வார்டுல நடைமுறைப்படுத்துனா போதாதா? மறுபடியும் எதுக்கு சனிக்கிழமை வகுப்பு? குயின்ஸ்லாந்து சிஸ்டருக்கு எத்தனை நோயாளி, நம்ம சிஸ்டருக்கு எத்தனை நோயாளி? "வீக்கம் வந்தா மாத்தலாம்"னு விட்டா, வீக்கம் வந்ததைப் பாக்க ஆள் வேணுமே. ஷிப்டுக்கு ஒருதரம் கையை எடுத்துப் பாக்க யாருக்கு நேரம்? மூணு நாள் சட்டம் கண்ணை மூடிட்டுச் செய்யலாம். அதனாலதான் அது நம்ம ஊருல நிக்குது.

குலசேகரம்_டியூட்டி:

அண்ணாச்சி இப்போ சொன்னதுதான் இந்த இழையிலயே உருப்படியான ஆராய்ச்சிக் கேள்வி. அவருக்குத்தான் அது தெரியலை.

தம்பி, உங்க 2012ஓட கதை முடியல. ஜெனீவா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் கட்டாயமா மாற்றும் வழக்கத்தை நிறுத்திப் பார்த்தாங்க. 4 லட்சத்துக்கு மேல வென்ஃப்ளான் கணக்கு. இரத்தத்தில் கிருமி பரவுறது கூடிச்சு, பழையபடி மாற்ற ஆரம்பிச்சதும் குறைஞ்சுது. 2021இல் வெளிவந்தது. ஒரே கேள்விக்கு ரெண்டு ஊரில் ரெண்டு விதமா பதில். நம்ம ஊருல என்ன? ஆகஸ்டுல மழைக்காலப் புழுக்கத்துல பிளாஸ்டர் மறுநாளே உரிஞ்சு தொங்குது. நோயாளி அதோடயே போய்க் குளிச்சிட்டு வாறாரு. இதை யாரு எண்ணினாங்க? லான்செட்டைப் படிச்சா மட்டும் இது தெரியாது.

இன்னொண்ணு. ரப்பர் வெட்டப் போறவங்களை விடியக்காலம் பாம்பு கடிச்சுக் கொண்டுவாறது எங்களுக்கு வழக்கம். முன்னாடியெல்லாம் சின்ன விரியன்னா சுருட்டைன்னு எழுதிட்டு விஷமுறிவு மருந்து ஏத்துவோம். சில பேருக்கு எத்தனை குப்பி ஏத்தினாலும் இரத்தம் உறையாது. ஏன்னு புரியாது. கேரளத்துல ஒரு டாக்டர் குழு, கூடவே கொண்டுவந்த பாம்பைத் தூக்கிப் போடாம வச்சு, இனம் பார்த்து, கேஸ் ஷீட்டோட சேர்த்து 2007இல் வெளியிட்டாங்க. கடிச்சது மூக்கு தூக்கின குழிவிரியன். நம்ம மருந்து நாலு பாம்புக்குத்தான், இதுக்குக் கேக்காது. பிரமாதமான லேப் எதுவும் வேண்டியிருக்கலை. பாம்பைத் தூக்கிப் போடாத ஒரு ஆளும், கடிச்ச நேரத்தை ஒழுங்கா எழுதின ஒரு ஆளும் போதும். அதை எழுதுறது யாரு? கேசுவாலிட்டி சிஸ்டர்.

மணவாளக்குறிச்சி_மகன்:

நீங்க எல்லாரும் ஆஸ்பத்திரி ஆளுக. நான் கட்டில்ல கெடந்தவளுக்க மகன். என் பக்கத்தையும் கேளுங்க.

அம்மாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம், பேர் வேண்டாம். ரெண்டாம் நாள் ஒரு பொண்ணு ஏழு பக்கத் தாளோட வந்தா. தமிழ்லதான் இருந்துச்சு. "நீங்கள் சீரற்ற முறையில் ஏதேனும் ஒரு குழுவில் சேர்க்கப்படுவீர்கள்." அம்மா என்னப் பாத்து, "நான் என்ன சீர்கெட்டவளா மோனே?"ன்னு கேட்டா. அந்தப் பொண்ணு சிரிச்சிட்டா. பெறவு வயசான ஒரு சிஸ்டர் வந்து கட்டில் ஓரத்துல இருந்து, "திருவுளச்சீட்டு போடுவாங்கல்லா அம்மா, அதுமாதிரி. எந்தச் சீட்டு வருதோ அந்த மருந்து. டாக்டருக்கும் தெரியாது. வேண்டாம்னா வேண்டாம், கவனிப்பு குறையாது"ன்னு சொன்னா. அம்மா யோசிச்சு வேண்டாம்னுட்டா. யாரும் முகம் சுளிக்கல.

சிரிச்ச பொண்ணு ஆராய்ச்சிப் பயிற்சி எடுத்தவ. சிஸ்டர் எடுக்கல. இப்போ சொல்லுங்க, உங்க வகுப்புல எதைச் சொல்லிக் குடுக்குறீங்க?

அப்போ ஆந்திராவுல இருந்த கம்மத்துல (இப்போ தெலங்கானா) நடந்த, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஹெச்பிவி தடுப்பூசித் திட்டம் தெரியும்லா? விடுதிப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா போட வேண்டிய கையெழுத்தை வார்டன் போட்டாங்க. 2010ல நிறுத்தினாங்க, 2013ல பார்லிமெண்ட் கமிட்டி காய்ச்சி எடுத்துச்சு. வருஷத்துக்கு வார்டுக்கு ஒண்ணுன்னு டார்கெட் வச்சா, கையெழுத்துக்கும் டார்கெட் வரும்.

எங்க கரையில கருமணல். கதிர்வீச்சு உண்டுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொல்லத்துப் பக்கம் கருநாகப்பள்ளியில வருஷக்கணக்கா வீடு வீடா ஏறி எண்ணி, அந்தக் கதிர்வீச்சால புற்றுநோய் கூடினதாத் தெரியலன்னு 2009ல சொன்னாங்க. எங்க தெருவுல யாரும் நம்பல. எங்க முகத்தைப் பாத்து யாரும் வந்து சொல்லலியே. எடுத்துட்டுப் போறவங்க திரும்பி வாறதில்ல.

தீசிஸ்_திண்டாட்டம்:

திருவுளச்சீட்டு... அண்ணே, ரேண்டமைசேஷனுக்கு இத்தனை நாளா நான் ஒரு தமிழ் வார்த்தை தேடிட்டிருந்தேன். என் ஃபார்ம்லயும் "சீரற்ற" தான் போட்டிருக்கேன். இன்னைக்கே மாத்துறேன்.

ஆனா உங்க வாதம் பயிற்சி வேண்டாம்னு காட்டலை. அந்த சிஸ்டர்தான் வகுப்பு எடுத்திருக்கணும்னு காட்டுது. சட்டமும் அதைத்தான் கேக்குது. புதிய மருந்து, மருத்துவப் பரிசோதனைகளுக்கான 2019 விதிப்படி, ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்குற எத்திக்ஸ் கமிட்டியில் குறைஞ்சது 7 பேர், பாதிப் பேராவது அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வரணும், மருத்துவம் தெரியாத சாதாரண ஆள் ஒருத்தர் இருந்தாகணும். உங்க அம்மா மாதிரி ஒருத்தர் அந்த நாற்காலியில் இருந்தா "சீரற்ற" தாண்டியிருக்காது.

பழைய_ஸ்டாஃப்:

நாற்காலி இருக்கும். உக்காருறது முதலாளிக்க மச்சானா இருக்கும்.

குலசேகரம்_டியூட்டி:

அண்ணாச்சி, நீங்க நெய்யூர்ப் பக்கம்னு முன்னாடி ஒரு இழையில் சொன்னீங்க. சோமர்வெல் கதை உங்களுக்குத் தெரியாததா? 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த இங்கிலாந்து சர்ஜன், நெய்யூர் ஆஸ்பத்திரியில் நின்ன கூட்டத்தைப் பார்த்துட்டு, ஊருக்குப் போய் இங்கேயே வேலைக்குத் திரும்பி வந்துட்டார். திருவிதாங்கூர்க்காரங்க வயிறு ஏன் இப்படிப் புண்ணாகுதுன்னு அறுத்துப் பார்த்ததையெல்லாம் எழுதி வச்சு, 1936இல் ஓர் என்ற சக டாக்டரோட சேர்ந்து இங்கிலாந்து அறுவைசிகிச்சைப் பத்திரிகையில் வெளியிட்டார். நெய்யூர்ல அப்போ யாரு லீவு குடுத்தா, யாரு வகுப்பு எடுத்தா?

பழைய_ஸ்டாஃப்:

தெரியாம என்ன. எங்க தாத்தா வயித்தை அறுத்தது அந்த ஆஸ்பத்திரிதான். ஆனா மிச்சக் கதையையும் சொல்லணும் டாக்டரே. குன்னூர்ல உணவு ஆராய்ச்சி பண்ணின மெக்காரிசன் துரை நம்ம ஏழைச் சாப்பாட்டை, மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கு), எலிக்குக் குடுத்து வயித்துல புண்ணு வந்துதுன்னு காட்டினார். எல்லாரும் மரச்சீனியக் குத்தம் சொன்னாங்க. 1982ல ஆஸ்திரேலியாக்காரங்க ரெண்டு பேர் வந்து, முக்காவாசிக் காரணம் ஒரு கிருமின்னாங்க, 2005ல நோபல் வாங்கினாங்க. எங்க தாத்தா சாவுறவரை மரச்சீனி தொடல. மீன்குழம்பும் மரச்சீனியும் எதிர்ல இருக்க, கஞ்சி குடிச்சாரு பாவம்.

சோமர்வெல்லைக் குறை சொல்லல. அவருக்கு நேரம் அவருக்க கையில இருந்துச்சு. சிஸ்டருக்க நேரம் மேட்ரன் கையில இருக்கு. நான் சொல்லுதது அது ஒண்ணுதான். டியூட்டிக்குள்ள வகுப்பு வைக்கட்டும், நானே வந்து முன் பெஞ்சுல இருக்கேன்.

நைட்ஷிப்ட்_சிஸ்டர்:

ஒரு வாரமா இங்க எட்டிப் பாக்க முடியல, மன்னிக்கணும். குலசேகரம் டாக்டர் சொன்னதுல இருந்து ஒரு ஐடியா வந்துச்சு. சர்க்குலரையெல்லாம் விட்டுட்டு ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். வென்ஃப்ளான் போட்ட நேரம், எந்தக் கை, எந்த இடம், எப்போ எடுத்தோம், ஏன் எடுத்தோம். இவ்வளவுதான்.

முதல் ராத்திரியே மாட்டிக்கிட்டேன். வார்டுல 14 பேருக்கு வென்ஃப்ளான். 9 பேருக்குப் போட்ட தேதியே ஒட்டலை. கேசுவாலிட்டியில போட்டது, தியேட்டர்ல போட்டது, வேற ஆஸ்பத்திரியில போட்டுட்டு வந்தது. அப்போ நாங்க இத்தனை வருஷமா "மூணு நாள்"னு எதுல இருந்து எண்ணினோம்? எனக்கே சிரிப்பு வந்துச்சு. முழங்கை மடிப்புல போட்டதுதான் சீக்கிரம் வீங்குதுன்னு தோணுது. தோணுதுன்னுதான் சொல்றேன், எண்ணிக்கை இன்னும் போதாது.

தீசிஸ்_திண்டாட்டம்:

அக்கா, இது ஆடிட். உங்க வார்டு தன் சட்டத்தையே பின்பற்றுதான்னு பாக்குறீங்க. ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறையில் இதுக்கு முழு கமிட்டி ஆய்விலிருந்து விலக்கு கேட்கலாம். ஆனா அந்த முடிவை நீங்களே எடுக்காதீங்க, ஒரு பக்கக் கடிதம் எழுதி கமிட்டியிடம் வாங்கிடுங்க. பின்னாடி எழுதி வெளியிடணும்னா அது கட்டாயம் தேவைப்படும். நோட்டுல நோயாளி பேர் எழுதாதீங்க. வீக்கத்துக்கு 0 முதல் 5 வரை கண்ணால பாத்துப் போடுற விஐபி ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, 2 வந்தா எடுத்துடணும். (பொது வார்டுல விஐபின்னு எழுத ஒரு வாய்ப்பு.) ஷீட் வேணும்னா எக்செல்ல போட்டுத் தாறேன்.

மணவாளக்குறிச்சி_மகன்:

எண்ணி முடிச்சதும் அந்த வார்டுல கெடக்குறவங்களுக்கும் சொல்லுவீங்களா, இல்ல மீட்டிங்குல காட்டுற பிபிடியோட போயிருமா?

நைட்ஷிப்ட்_சிஸ்டர்:

சொல்லணும்னு இப்போதான் தோணுது. செவத்துல ஒரு சார்ட் ஒட்டலாம். மேடம் சம்மதிக்கணும்.

சனிக்கிழமை வகுப்பை டியூட்டி நேரத்துக்குள்ள மாத்தச் சொல்லி ஆறு பேர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். "பாக்கலாம்"னு பதில் வந்திருக்கு.

பழைய_ஸ்டாஃப்:

"பாக்கலாம்"னா என்னன்னு எனக்குத் தெரியும். சரி, அந்த 78 வயசுப் பாட்டி எப்படி இருக்காங்க?

நைட்ஷிப்ட்_சிஸ்டர்:

டிஸ்சார்ஜ் ஆகிப் போயிட்டாங்க அண்ணாச்சி. போகும்போது ரெண்டு கையும் நாவப்பழ நிறத்துல இருந்துச்சு.