ஆர்.ஈ. (மதக் கல்வி) வகுப்பிலிருந்து மகளை விலக்கலாமா என்று கேட்டவருக்கு

இங்கிலாந்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, செகண்டரி பள்ளியின் முதல் வருடமான இயர் 7-இல் சேர்ந்த மகள் இயேசுவைப் பற்றி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள், மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் புரிகிறது. நான் இங்கே ஒரு செகண்டரி பள்ளியில் ஆர்.ஈ. ஆசிரியை. முருகனைக் கும்பிடுகிறவள். இயேசுவின் உயிர்த்தெழுதலையும் ரமலான் நோன்பையும் நான்தான் பாடமாக நடத்துகிறேன்.

விலக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. காரணம்கூடச் சொல்லவேண்டாம், பள்ளிக்கு ஒரு கடிதம் போதும். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் பள்ளியின் பொறுப்பு, வேறு பாடம் நடத்தவேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலும் நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பலர் அசெம்பிளியையும் (பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுகூடும் நேரம்) ஆர்.ஈ.யையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அசெம்பிளியில் வழிபாடு இருக்கலாம். அதிலிருந்து மட்டும் தனியாக விலக்கிக்கொள்ளலாம். ஆர்.ஈ. ஒரு பாடம். நாட்டின் மரபு பெரும்பாலும் கிறிஸ்தவம் என்பதைக் காட்டவேண்டும், இங்குள்ள மற்ற முக்கிய மதங்களையும் சொல்லித்தரவேண்டும் என்று 1988-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் சொல்கிறது. 'கிறிஸ்தவர்கள் இப்படி நம்புகிறார்கள்' என்று சொல்லித்தருவோம், 'நீயும் நம்பு' என்று சொல்லமாட்டோம். கத்தோலிக்கப் பள்ளி போன்ற மதப் பள்ளிகளில் அந்தப் பள்ளியின் மத நம்பிக்கையை ஒட்டியே பாடம் இருக்கும், அதைச் சேர்க்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் நம் பிள்ளைகள் தடுமாறுவது இந்து மதப் பாடத்தில்தான். நான் நடத்திய புத்தகங்களில் திரிமூர்த்தி உண்டு, ராமன் உண்டு, கிருஷ்ணன் உண்டு. முருகனுக்கும் குலதெய்வத்துக்கும் மாரியம்மனுக்கும் இடம் இல்லை. ஒருமுறை தீபாவளி ஏன் என்ற கேள்விக்கு ஒரு தமிழ்ப் பையன் நரகாசுரன் என்று எழுதினான். பக்கத்துப் பிள்ளையின் நோட்டில் ராமன் அயோத்தி திரும்பிய கதையைப் பார்த்ததும் தான் எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டான். பாட்டி தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்திருக்கிறான். எனக்கு மனசு கனத்துவிட்டது. அடித்ததை மறுபடி எழுதச் சொன்னேன். இரண்டும் சரி, எந்தப் பகுதியில் எந்தக் கதை என்று வகுப்புக்கே அவனை விளக்க வைத்தேன். அன்று அந்த வகுப்பு கேட்ட கேள்விகள் வேறு எந்த வகுப்பிலும் வந்ததில்லை.

உங்கள் மகளுக்கும் இப்போதே சொல்லிவையுங்கள்: புத்தகத்தில் இருப்பதையும் படி, நம் வீட்டு வழக்கத்தையும் எழுது. பதினாறு வயதையொட்டி எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வுக்கும் இது பொருந்தும். ஒரே மதத்துக்குள் இருக்கும் வேறுபாடும் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. அதனால் 'எல்லா இந்துக்களும்' என்று எழுதுவதைவிட 'தமிழ் இந்துக்களில் பலர்' என்று எழுதுகிற பிள்ளைக்குப் பாடம் நன்றாகப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஜிசிஎஸ்இ-யில் இரண்டு மதங்கள் படிக்கவேண்டும். எந்த இரண்டு என்பதைப் பெரும்பாலும் பள்ளியே முடிவு செய்யும். கிறிஸ்தவமும் இஸ்லாமும் நிறையப் பள்ளிகளில் உண்டு. பள்ளி ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் தேர்வை எடுத்தால் 12 மதிப்பெண் கேள்விகள் வரும். ஒரு கூற்றைக் கொடுத்து, இரண்டு பக்க வாதமும் எழுதி, கடைசியில் தன் முடிவைக் காரணத்தோடு சொல்லச் சொல்வார்கள். கடவுள் இல்லை என்பவரின் வாதமும் அதில் மதிப்புள்ள வாதம்தான். நம் பிள்ளைகள் நிறையப் படித்திருப்பார்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டும் எழுதி நிறுத்திவிடுவார்கள். பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சு கூடாது என்று வளர்த்திருக்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கம் இந்தத் தாளில் மதிப்பெண்ணைக் குறைக்கும். சாப்பிடும்போது ஒரு கேள்வியை எடுத்துப்போட்டு, மாற்றுக்கருத்தை அவள் வாயால் சொல்லவிடுங்கள். கோபப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்று. வகுப்பில் இந்து மதத்துக்கு அவளைப் பிரதிநிதியாக ஆக்குவதாகத் தெரிந்தால், சாதி, உடன்கட்டை ஏறுதல் பற்றியெல்லாம் அவளையே பதில் சொல்லச் சொன்னால், ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதினொரு வயதுப் பிள்ளை தூக்கவேண்டிய சுமை அல்ல அது. பெரும்பாலான ஆசிரியர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

அடுத்த பேரன்ட்ஸ் ஈவினிங்கில் (பெற்றோர் ஆசிரியர்களைச் சந்திக்கும் மாலை) ஆர்.ஈ. ஆசிரியரையும் போய்ப் பாருங்கள். கணக்கு, அறிவியல் ஆசிரியரோடு பேசிவிட்டு நம்மவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். இந்த வருடம் எந்தெந்த மதங்கள், எந்த வழிபாட்டுத் தலத்துக்கு அழைத்துப்போவீர்கள் என்று கேளுங்கள். அப்படியே உங்கள் வீட்டுத் தீபாவளிக் கதையையும் சொல்லிவிட்டு வாருங்கள்.