43 கிலோ லேப்ரடார்: கத்திரியில ஓடவிட்டு இளைக்க வைக்கலாமா?

குடந்தைவாசி: எங்க வீட்டு லேப்ரடாருக்கு ஆறு வயசு, 43 கிலோ. எட்டு கிலோ குறைஞ்சாத்தான் மூட்டு தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டார். தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அரசலாத்து மணல்ல ஓடவிடலாம்னு இருக்கேன். வீட்ல வேண்டாங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

நீடாமங்கலம் அக்கா: வேண்டாம் தம்பி. அஞ்சு மணிக்கும் மணல் கொதிச்சுக்கிட்டுதான் இருக்கும். புறங்கையை மணல்ல வச்சு ஏழு எண்ணிப் பாருங்க. உங்களால முடியலைன்னா அதோட பாதமும் தாங்காது. நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும். மத்த சூடெல்லாம் நாக்கை நீட்டி இரைக்கும்போதுதான் போகும். நம்ம பக்கத்துப் புழுக்கத்துல அந்த ஈரம் சீக்கிரம் காயாது, அதனால சூடும் இறங்காது. மேல கொழுப்பு வேற கம்பளி மாதிரி மூடியிருக்கு.

மன்னைக்காரன்: அக்கா, எனக்கு இதுல உடன்பாடு இல்லை. எங்க தாத்தா வீட்டு நாலு நாயும் வரப்புலயும் வாய்க்கால்லயும் நாளெல்லாம் திரிஞ்சதுங்க, ஒண்ணும் ஆகலை. இப்ப கட்டியே போட்டு வளக்கறோம், அதான் கொழுக்குதுங்க. ஓடவிடாம சோத்தைக் குறைக்கிறது பாவம். தட்டை நக்கிட்டு நம்ம மூஞ்சியைப் பாக்குதே, அதுக்கு என்ன பதில்?

நீடாமங்கலம் அக்கா: தாத்தா வீட்டு நாய்க்கு வயிறு ஒட்டியிருக்கும். வெயில் ஏறினா தானா போய் அடிபம்பு பக்கத்து ஈரமண்ணைத் தோண்டிப் படுத்துக்கும். லேப்ரடார் அப்படி இல்லை. பந்தை எறிஞ்சா விழுற வரைக்கும் ஓடும், போதும்னு அதுக்குத் தெரியாது. குடந்தைத் தம்பி, ஒரு நாளைக்கு என்னென்ன போடறீங்க?

குடந்தைவாசி: காலையில பால் சோறு. மதியம் தயிர் சாதம். ராத்திரி கோழித்தோல் வேகவச்சு சோத்தோட. அப்பா காபி குடிக்கறப்போ நாலு பிஸ்கட்.

நீடாமங்கலம் அக்கா: அந்த நாலு பிஸ்கட்டும் தோலும்தான் முதல்ல நிக்கணும். சோத்தைக் கண்ணளவா போடாம ஒரே டம்ளர்ல அளந்து போடுங்க. விலாவைத் தடவினா அழுத்தாமலே எலும்பு கையில தட்டணும், அதுதான் கணக்கு. பாவம்னு சொன்னீங்களே மன்னைத் தம்பி: அமெரிக்காவுல 48 லேப்ரடாரைக் குட்டியிலேருந்து கடைசி வரைக்கும் கவனிச்சு 2002-ல ஆய்வு வெளியிட்டாங்க. ஜோடி ஜோடியாப் பிரிச்சதுல, தன் ஜோடியைவிடக் கால் பங்கு குறைச்சுச் சாப்பிட்டதுங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூட இருந்திருக்கு. அந்த ரெண்டு வருஷத்தை நம்ம கையால பிடுங்கறதுதான் எனக்குப் பாவமாப் படுது.

மன்னைக்காரன்: ஆய்வை மறுக்கலை. ஆனா நடையே இல்லாம தீனியை மட்டும் வெட்டினா சதையும் சேர்ந்து கரையும். விடியக்காலை அஞ்சு மணிக்குக் கூட்டிட்டுப் போகலாமே? அதுலயும் ஒரேயடியாப் பட்டினி போட்டுடாதீங்க.

நீடாமங்கலம் அக்கா: அஞ்சு மணி நடைக்கு நான் குறுக்கே நிக்கலை. ஓட்டம்தான் வேண்டாங்கறேன். வாரத்துக்கு அரை கிலோ இறங்கினா போதும்.

ஒரத்தநாட்டிலிருந்து: எங்க பக் (சப்பை மூஞ்சி நாய் இனம்) போன கத்திரியில செத்துப் போயிட்டா. குண்டா அழகா இருக்கான்னு எல்லாரும் தூக்கிக் கொஞ்சுவோம். மத்தியானம் மாடியில பத்தே நிமிஷம் விளையாடினா. நாக்கு கத்தரிக்கா நிறத்துக்கு மாறி, எச்சில் கயிறு மாதிரி தொங்குச்சு. ஈரத் துண்டைச் சுத்திக் கார்ல போட்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தப்போ உடம்பு 107 டிகிரி. 102-ஐ ஒட்டி இருக்கவேண்டியது. துண்டே சூட்டை உள்ள பிடிச்சு வச்சுக்கும்னு அப்பறம்தான் சொன்னாங்க. வீட்லயே குழாய்த் தண்ணியை வயித்துலயும் தொடையிடுக்குலயும் ஊத்தி, ஃபேனைப் போட்டு, அப்பறம் கிளம்பியிருக்கணும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா... மூஞ்சி சப்பையான நாய் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இதை மனசுல வச்சுக்கங்க.

மன்னைக்காரன்: படிச்சுட்டு மனசே சரியில்லைங்க. மணல் ஓட்டம் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

குடந்தைவாசி: ரெண்டு வாரம் ஆச்சு. விடியறதுக்கு முன்னாடி கரையில மெதுவா இருபது நிமிஷம் நடக்கறோம். சோறு டம்ளர் கணக்கு. அப்பா பிஸ்கட்டுக்குப் பதிலா வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிப் போடறார், அதையும் நறுக்கு நறுக்குன்னு தின்னுது. நேத்து ரைஸ் மில்லுல நெல் மூட்டை எடை போடற தராசுல ஏத்தினேன். 42 கிலோ 100.