கிரான் வரைபடத்தில் இரண்டு பக்கமும் ஒரே புள்ளியில் சேரவில்லை

வணக்கம். இடம் சென்னை அம்பத்தூர், ஏசி இல்லாத ஆய்வகம், கரைசல் வெப்பநிலை 32 டிகிரி. வினிகரின் அமிலத்தன்மையை பி.எச் மீட்டர் வைத்துத் தரம்பார்க்கிறோம். கிரான் முறையில் பி.எச் அளவுகளை நேர்கோடாக்கி, அது அச்சை வெட்டும் இடத்தைச் சமானப் புள்ளியாக (அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகும் இடம்) எடுக்கிறோம். அந்தப் புள்ளிக்கு முன்னும் பின்னும் போடும் கிரான் கோடுகள் வெவ்வேறு இடத்தில் அச்சை வெட்டுகின்றன.

வினிகர் 25 மி.லி.யைத் தண்ணீர் சேர்த்து 250 மி.லி. ஆக்கி, அதில் 25 மி.லி. எடுத்து, 50 மி.லி. தண்ணீர் சேர்த்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு விடுகிறோம். அயனி வலிமை மாறாதிருக்கப் பொட்டாசியம் குளோரைடும் உண்டு.

முன்பக்கம், அதாவது V × 10^(−பி.எச்) (V என்பது விட்ட காரத்தின் மி.லி.), 4 முதல் 15 மி.லி. வரை நேர்கோடு: வெட்டு 16.71 மி.லி. சரிவு தரும் பி.கே.ஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) சுமார் 4.65, அதில் குறையில்லை. பின்பக்கம், (75+V) × 10^(பி.எச்): வெட்டு 16.97. பி.எச் வளைவின் முதல் வகைக்கெழு தரும் சமானப் புள்ளி இரண்டுக்கும் நடுவில், 16.84.

பார்த்தவை: 4.00, 7.00, 9.18 பஃபர்களில் அளவுத்திருத்தம், எலக்ட்ரோடு சரிவு 98 சதவீதம். தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்தோம். காரத்தை 50 சதவீதக் கரைசலின் தெளிவிலிருந்து தயாரித்து, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டால் தரப்படுத்தினோம். ப்யூரெட்டை எடைபோட்டுச் சரிபார்த்தாயிற்று. பி.எச் நிலையாகத் தள்ளிக் காட்டினாலோ, வெப்பத்தால் கே.டபிள்யூ (நீரின் அயனிப் பெருக்கம்) மாறினாலோ சரிவுதான் மாறும், வெட்டு நகராது, அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

பின்பக்க வெட்டு கூடுவது, காரம் காற்றின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி உண்டாகும் கார்பனேட்டின் குணம்தான். ஆனால் 9.18-க்கு மேல் எலக்ட்ரோடையும் முழுதாக நம்ப முடியவில்லை.

காரத்தில் எஞ்சிய கார்பனேட்டா, உயர் பி.எச்-இல் எலக்ட்ரோடு பிழையா என்று பிரித்துக் காட்ட எந்தச் சோதனை செய்யலாம்?