ஸ்டாக்கிங்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

தக்கலை:
அன்பர்களே, சனிக்கிழமை ராத்திரி முட்டம் கடற்கரையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறுகோள் படமெடுக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். கைத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரு சொல்லில் மாட்டி நிற்கிறேன்.

எட்டங்குலத் தொலைநோக்கி, குவியத்தூரம் 1000 மி.மீ. கேமராவின் ஒரு பிக்சல் வானத்தில் 0.78 விகலை (விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). குறிவைத்திருக்கும் கல், அதாவது சிறுகோள், நிமிடத்துக்கு 20 விகலை ஓடும். ரொம்ப நேரம் திறந்துவைத்தால் கோடாகிவிடும். ஆகவே பத்துப் பத்து விநாடியாக 64 படம். ஒற்றைப் படத்தில் கல் எது, இரைச்சல் (தாறுமாறாக விழும் பொய்ப்புள்ளிகள்) எது என்றே தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கூட்டினால் கல்லின் ஒளி 64 மடங்கு, இரைச்சலோ 8 மடங்குதான். ஸ்டாக்கிங் என்கிற இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?

அடுத்த சிக்கல்: நட்சத்திரங்களைப் பொருத்தி வைத்தால் கல் 213 விகலைக்கு இழுபடும், கூட்டாமல் இடைநிலை (மீடியன்) எடுத்தாலோ ஆளையே காணாது. கல்லின் வேகத்துக்கும் திசைக்கும் தக்கபடி படங்களை நகர்த்தி வைத்தால் கல் புள்ளி, நட்சத்திரமெல்லாம் கோடு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேணும்.

நாகர்கோவில்:
‘படவடுக்கு’. வகர உடம்படுமெய்யை விட்டுவிடாதீர்கள். ஆனால் அடுக்குத்தொடருக்கு நன்னூலார் நான்கோடு எல்லை கட்டினார்; நீர் 64 அடுக்குகிறீர். போகட்டும். ‘சிறுகோள்’ என்பதே எனக்கு உடன்பாடில்லை. கோள் என்பது ‘கொள்’ முதனிலை திரிந்த தொழிற்பெயர். கதிரவனிடம் ஒளி கொள்வதால் கோள். ‘ஆஸ்டிராய்டு’ என்பதன் கிரேக்கச் சொல்லுக்கோ ‘விண்மீன் போன்றது’ என்று பொருள். விண்மீனுக்கு ‘உடு’ என்றும் பெயர். ‘உடுப்போலி’ என்றால் என்ன குறை?

தக்கலை:
ஐயா, போலி என்றால் பிள்ளைகள் கள்ளநோட்டை நினைப்பார்கள்.

குலசேகரம்:
சார், எங்கள் ஊரில் இதற்குச் சொல் இருக்கு: அட்டி. புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையிலிருந்து ரப்பர் ஷீட்டை எடுத்து, விளிம்பு விளிம்போடு ஒக்க, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது அட்டி. ஒரு ஷீட் கோணலாய் விழுந்தால் பிடித்து இழுத்து நேராக்கிவிட்டுத்தான் அடுத்தது. உங்கள் மென்பொருள் செய்வதும் இதுதானே? அடுக்கு என்றால் எனக்கு அடுக்குச்சட்டிதான் ஞாபகம் வருது. அதில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.

நாகர்கோவில்:
அது மலையாள வாடை.

குலசேகரம்:
தஞ்சாவூர்க் குடோனில் நெல்மூட்டையை அட்டி போடுகிறவர்களும் மலையாளிகளா ஐயா?

கன்னியாகுமரி:
படங்களைக் கூட்டும் மென்பொருளான டீப்ஸ்கை ஸ்டாக்கரைத் திறந்தால் திரையில் ஸ்டாக்கிங் என்றுதான் இருக்கும். தமிழில் கற்றுவிட்டு அங்கே போய் முழிக்கணுமா? அப்படியே எழுதிவிடுங்கள்.

நாகர்கோவில்:
அப்படியே விட்டால் அடுத்த தலைமுறைக்கு வினைச்சொல்லே மிஞ்சாது. ‘ஸ்டாக் பண்ணு’தான் மிஞ்சும். வானியலாளர் நார்மன் போக்சன் 1861-இல் சென்னை வானாய்வகத்தில் ‘ஆசியா’ என்ற சிறுகோளைக் கண்டார். கையில் கேமராவா இருந்தது, மென்பொருளா இருந்தது? விண்மீன் வரைபடத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்த கண் மட்டும்தான்.

(பார்த்தீர்களா, ‘சிறுகோள்’ என்றே எழுதிவிட்டேன். பழக்கதோஷம்.)

குளச்சல்:
நட்சத்திரத்தைப் பொருத்தினால் ‘மீனடுக்கு’, கல்லைப் பொருத்தினால் ‘கோளடுக்கு’. ஒரே நீளம், ஒரே ஓசை. எதை அசையாமல் பிடித்துக்கொண்டோம் என்பது முன்பாதியிலேயே தெரிந்துவிடும். ஒரே ஒரு சங்கடம்: எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு மீனடுக்கு என்றதும் ஐஸ் பெட்டியில் சாளையை வரிசையாக வைப்பதுதான் கண்ணில் வரும்.

தக்கலை:
கொள்ளாம்! அந்தச் சங்கடம் எனக்கு லாபம். சாளை அசையாமல் கிடக்கும், அவ்வளவுதானே சொல்லணும்.

நாகர்கோவில்:
‘மீனொட்டடுக்கு’, ‘கோளொட்டடுக்கு’ என்றால் பொருள் இன்னும் இறுகும்.

தக்கலை:
ஐயா, வாய் சுளுக்கும். அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தாச்சு. மீனடுக்கு, கோளடுக்கு, பொதுப்பெயர் படவடுக்கு. முதல் பக்கத்தில் மட்டும் ‘ஸ்டாக்கிங் என்பார்கள்’ என்று ஒரு வரி. நாலு பேர் சரி என்றிருக்கிறீர்கள். குலசேகரம் அண்ணாச்சிக்கு அட்டியில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

குலசேகரம்:
எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். எனக்கு அட்டி உண்டு, இரண்டு பொருளிலும்.